விராலடிப்பான்: நாம் திருத்திய ஒரு பெயர்

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பணியில் நாம் காலூன்றிய தொடக்கக் காலத்தில், இளங்கலை முதலாமாண்டு மாணவர்களுக்கு 'எங்கள் ஊர் ஏரி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். சேவூரிலிருந்து வந்து பயின்ற நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர், மார்கழி மாதத்தில் தம் ஊர் ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். விராலடிப்பான் வானத்தில் நின்று பார்த்துவிட்டு விழும் என்பது அதில் ஒரு தொடர். 'விராலடிப்பான்' என்னும் சொல்லை நாம் சிவப்பு மையால் அடித்து, அதன் மேல் 'மீன்கழுகு' என்று எழுதினோம். ஓரத்தில் 'பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்' என்று குறித்தோம். அரை மதிப்பெண்ணும் குறைத்தோம். அன்று அதனை மொழிக்குச் செய்த தொண்டு என்றே கருதினோம்.

சில ஆண்டுகள் கழிந்தன. வேறொரு தேவைக்காகத் தமிழில் பறவைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும் நூல்களைப் புரட்டும் வாய்ப்பு நேர்ந்தது. ஆங்கிலத்தில் 'ஆஸ்பிரே' எனப்படும் பறவைக்கு நேராக அச்சில் இருந்த தமிழ்ப் பெயர் 'விராலடிப்பான்'. மாணவர் எழுதியது சரி. திருத்திய நாம் தவறு. தவறு அதனோடு நின்றிருந்தாலும் ஆறுதல் உண்டு. நாம் மேலே எழுதிய 'மீன்கழுகு' என்பதோ வேறொரு பறவையைச் சுட்டுவது. பெரிய நீர்நிலைகளின் கரை மரங்களில் அமர்ந்திருக்கும், சாம்பல் நிறத் தலையுடைய மீன்கழுகு தனி இனம். கடலோரத்தில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகு மற்றொன்று. சரியான பெயரை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் மற்றொரு பறவையைக் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறோம். இம்மலரில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அரை மதிப்பெண்ணே.

முதலில் பறவையைக் காண்போம். வெண்மையான தலை, கண்ணின் ஊடாகக் கழுத்து வரை ஓடும் கரும்பட்டை, மேலுடல் கரும்பழுப்பு, அடிப்புறம் வெண்மை, மார்பின் குறுக்கே மாலையிட்டாற்போல் பழுப்புக் கோடுகள். சிறகுகளை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் இருக்கும். அண்டார்க்டிகா தவிர்த்த எல்லாக் கண்டங்களிலும் இதனைக் காணலாம். குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து நம் நாட்டுக்கு வருகிறது. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நீர்த்தேக்கங்களிலும் பெரிய ஏரிகளிலும் தங்கிப் பங்குனியை ஒட்டித் திரும்புகிறது. செங்கடல், பாரசீக வளைகுடாத் தீவுகளில் இது தரையிலேயே சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் உண்டு. நம் மாணவர் பலரின் தந்தையர் உழைத்துவரும் அந்நாடுகளின் கடற்கரையில் அவர்களும் இதனைக் கண்டிருத்தல் கூடும். அரபு நூல்கள் இதனை 'உகாப் நசாரி' என்று குறிக்கின்றன.

இதன் உணவு ஏறக்குறைய முழுவதும் மீன். ஒரே இடத்தில் சிறகடித்து வானில் நிற்கும். மீனைக் கண்டதும் கால்களை முன்னீட்டி நீரில் பாயும். பல நேரங்களில் உடல் முழுவதும் மூழ்கி எழும். ஆயினும் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள மீனை இதனால் எட்ட இயலாது. எனவே மேல்நீரில் வந்து உலவும் மீனே இதற்குக் கிட்டும். காலில் நான்கு விரல்கள். வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்பி, முன்னிரண்டு பின்னிரண்டாக மீனைப் பற்றிக்கொள்ளும். அடிப்பாதத்தில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. வழுக்கும் மீனும் அப்பிடியிலிருந்து தப்புவது அரிது. பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிக்கொண்டு பறந்து செல்லும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார்.

இனி மீனுக்கு வருவோம். சங்கப் பாடல்களில் 'வரால்' என வழங்கும் மீனே மக்கள் நாவில் 'விரால்' ஆயிற்று. ஏரி, குளம், வயற்கால் எங்கும் வாழ்வது. கோடையில் நீர் வற்றினால் சேற்றில் புதைந்து உயிர் காப்பது. இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. செவுளால் மட்டும் மூச்சுவிட்டு இதனால் வாழ இயலாது. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால், நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துபோகும். குஞ்சு பொரித்த காலத்தில் சிவந்த குஞ்சுக் கூட்டம் மேல்நீரில் மொய்க்க, தாயும் தந்தையும் அதன் அடியிலேயே காவல் நிற்கும்.

ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் எட்டாத பறவை. மூச்சுக்காக மேலே வந்தே தீர வேண்டிய மீன். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் இணைத்து வைத்தவன் எத்தனை மார்கழிகள் ஏரிக்கரையில் நின்று பார்த்திருப்பான்! 'அடிப்பான்' என்னும் வினையையும் ஊன்றி நோக்குதல் வேண்டும். பருந்து கோழிக்குஞ்சை 'அடித்தது' என்கிறோம். 'பிடித்தது' என்பதில் இத்தகைய வேகம் இல்லை. மேலிருந்து பாய்ந்து, ஒரே வீச்சில் தாக்கிக் கொண்டுபோதலே அடித்தல். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். காரணப் பெயருக்கு எடுத்துக்காட்டாக நாம் ஆண்டுதோறும் 'நாற்காலி'யையே வகுப்பில் சொல்லி வருகிறோம். விராலடிப்பான், நத்தைகுத்தி, பாம்புத்தாரா, கரண்டிவாயன், ஆள்காட்டி என ஏரிக்கரையில் காரணப் பெயர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறகடித்துக்கொண்டிருக்க, வகுப்பறையில் நாம் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை.

பிற மொழியினர் இப்பறவையை எவ்வாறு அழைத்தனர் என்பதையும் காண்போம். தெலுங்கில் 'கொரமீனு கத்த'. கொரமீனு என்பது விரால். கத்த என்பது பருந்து. எல்லைக்கு அப்பாலும் அதே மீன், அதே கண்பார்வை. தெலங்கானா மாநிலம் 2016இல் தன் மாநில மீனாக அறிவித்ததும் அக்கொரமீனையே. மலையாளத்தில் 'தாலிப்பருந்து'. மார்பில் ஓடும் பழுப்பு மாலையைக் கண்டு இட்ட பெயர் என்றே நமக்குத் தோன்றுகிறது. தெலுங்கர் செயலைப் பார்த்தனர், மலையாளிகள் அணியைப் பார்த்தனர். இந்தியில் 'மச்லிமார்', அதாவது மீன்கொல்லி. ஜெர்மானியர் மீன்கழுகு என்று பொருள்படும் 'ஃபிஷ்ஆட்லர்' என்பர். இவை பொதுப்படச் சொல்பவை. தவறில்லை, ஆயினும் எந்த மீன் என்று கேட்டால் விடை தாரா.

ஆங்கிலப் பெயரின் கதை சுவையானது. 'ஆஸ்பிரே' என்பதனை, எலும்பை உடைப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு தொடர்புபடுத்துவர். எலும்பை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்துத் தின்பது மலைவாழ் பெருங்கழுகு ஒன்று. மீன் தின்னும் இப்பறவைக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை. ஆக, ஆங்கிலேயர் வைத்திருப்பது காரணம் மாறிப்போன காரணப்பெயர். அந்தப் பெயரைத்தான் நாம் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிட்டு அறிவியல் வளர்ந்துவிட்டதாக மகிழ்கிறோம். இன்றைய இளைஞர் பலருக்கு 'ஆஸ்பிரே' என்றால் நினைவுக்கு வருவது அமெரிக்கப் படைவிமானம். 2023 நவம்பரில் ஜப்பானை ஒட்டிய கடலில் அவ்வகை விமானம் ஒன்று விழுந்து எட்டுப் பேர் உயிரிழந்த செய்தியில் அப்பெயரைப் படித்திருப்பர். பறவையின் பெயர் விமானத்துக்குப் போயிற்று; விமானத்தின் வழியாகவே நமக்குத் திரும்பி வருகிறது.

அறிவியற் பெயர் 'பாண்டியான் ஹாலியேட்டஸ்'. இவ்விடத்தில் தமிழாசிரியர்களாகிய நாம் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கருத்தரங்கு ஒன்றில் அன்பர் ஒருவர், மீன்கொடி உயர்த்திய பாண்டியனின் பெயரையே மேலை அறிஞர் மீனடிக்கும் பறவைக்குச் சூட்டினர் என்று முழங்கினார், அரங்கம் கைதட்டிற்று. கேட்பதற்கு இனிமைதான்! பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் தாலமியும் பாண்டியரைப் 'பாண்டியோன்' என்றே குறித்திருப்பதால் ஆசை இன்னும் வளர்கிறது. ஆயின், 1809இல் இப்பெயரைச் சூட்டிய சாவிஞி என்னும் பிரெஞ்சு அறிஞர் கருதியது மதுரைப் பாண்டியனை அன்று. கிரேக்கப் புராணத்தில் வரும் ஏதென்ஸ் நகர வேந்தனை. அவ்வேந்தன் மரபினர் பறவைகளாக மாறிய கதைகள் அங்கே உண்டு. 'ஹாலியேட்டஸ்' என்பதற்கோ கடற்கழுகு என்பது பொருள். அப்பெயர் 1758இல் லின்னேயஸ் வழங்கியது. இல்லாத பெருமையைத் தேடி மதுரை வரை போகும் நாம், கையிலிருந்த 'விராலடிப்பான்' என்னும் உண்மைப் பெருமையைச் சிவப்பு மையால் அடித்தோம் என்பதே நம் வருத்தம்.

பெயர்களைத் தேடித் தொகுத்த பெருமக்கள் இல்லாமற் போகவில்லை. சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் 'இந்தியப் பறவைகள்' நூலில், பறவைகளுக்கு மக்கள் வழங்கிய பெயர்களையும் மொழிவாரியாகக் குறித்தார். பம்பாயில் 1896இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, 1987இல் மறையும் வரை பறவைகளுக்கே வாழ்வை அளித்த சலீம் அலி அவர்களும், ரிப்ளியோடு இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகளில் வட்டாரப் பெயர்களுக்கு இடம் ஒதுக்கினார். உலகம் போற்றிய அறிஞர் மீனவரும் வேட்டுவரும் சொன்ன பெயரை இழிவென்று தள்ளவில்லை. தமிழில் மா. கிருஷ்ணன், இயற்கையைப் பற்றிக் கலப்பில்லாத நடையில் எழுதிக் காட்டினார். பறவைப் பெயர்களைத் தொகுத்த க. ரத்னம் அவர்களோ விலங்கியல் பேராசிரியர் அல்லர். நம்மைப் போன்ற தமிழ்ப் பேராசிரியர். துறைக்கு இது தொடர்பில்லாத வேலை என்று சொல்ல இனி நமக்கு வாயில்லை.

மறுப்புரைப்போரும் உளர். விரால் இல்லாத கடலில் இப்பறவை வேறு மீனைத்தானே உண்கிறது, அங்கே அப்பெயர் பொருந்துமா என்று நண்பர் ஒருவர் வினவினார். நம் ஏரிகளிலேயே விரால் அருகி வருகிறது என்பதையும் அவருடன் சேர்ந்து ஒப்புக்கொள்கிறோம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, 'ஜிலேபிக் கெண்டை' என்னும் இனிப்பான பெயரோடு குளமெங்கும் பெருகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சேர்ந்துகொண்டது. இன்று ஏரிக்கு வரும் பறவையின் காலில் பெரும்பாலும் ஜிலேபியே இருக்கக்கூடும். அதனால் 'ஜிலேபியடிப்பான்' என்று மாற்றிவிடலாமா? மரங்கொத்தி சுவரைக் கொத்தினாலும் மரங்கொத்தியே. ஒரு காலத்தில் இந்த ஏரியில் என்ன மீன் நிறைந்திருந்தது என்பதற்கு அப்பெயர் சான்றாக நிற்கிறது. மீன் குறையக் குறையச் சான்றின் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது. நாடு முழுமைக்கும் ஒரே தரப்பெயர் வேண்டும் என்னும் மற்றொரு வாதத்தை நாம் மறுக்கவில்லை. அத்தரப்பெயரை மக்களிடமிருந்து எடுங்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

உண்மையை உணர்ந்த பின்னர், அம்மாணவரின் தாத்தாவைக் காணச் சேவூர் சென்றோம். நமக்கு அது புதிய ஊரன்று. ஆரணியில் பட்டுநூல் வணிகம் செய்த நம் தாய்மாமனின் கைப்பிடித்துச் சிறுவயதில் அத்தெருக்களில் நடந்திருக்கிறோம். வீட்டுக்கு வீடு குழித்தறியின் ஓசை கேட்கும். இப்போது விசைத்தறியின் ஓசை ஓங்கி நிற்கிறது. பெரியவர் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய், உக்காருங்க. பேரன் மெட்ராஸ்ல இருக்கான்" என்றார். வந்த காரணத்தைக் கூறினோம். சிரித்தார்.

"வெரால் மேல வந்து மூச்சு எடுக்கும் பாய். எடுக்காட்டிச் செத்துப்போவும். அது மேல வர்ற நேரம் இவனுக்குத் தெரியும். காத்துல நின்னுக்குனே பாப்பான். சும்மாவா பேரு வெச்சாங்க?"

நாம் நூல்களிலிருந்து திரட்டி மேலே எழுதிய இரண்டு பத்திகளையும் அவர் தார் சுற்றுவதை நிறுத்தாமலே நான்கு தொடரில் முடித்துவிட்டார். இளமையில் பாவு தீர்ந்து, அடுத்த பாவு வரும்வரை வேலையில்லாத நாள்களில் ஏரிக்குத் தூண்டில் எடுத்துச் செல்வாராம். பக்கத்துத் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர்கள் அதே பறவையைக் 'கொரமீனு கத்த' என்பார்கள் என்பதையும் அவரே சொன்னார். நாம் அகராதிகளைக் கூட்டி அறிந்ததனை அவர் ஒரே தூண்டிலில் அறிந்திருந்தார்.

பேச்சு பறவையிலிருந்து தறிக்குத் திரும்பிற்று. பாவு, ஊடை, விழுது, அச்சு, சிட்டம், தார் என்று அவர் கையில் தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது. சேலையில் விழும் புட்டாவுக்கும் கரைக்கும் மயில்கண், இருதலைப்பட்சி, அன்னம் எனத் தனித்தனிப் பெயர். இவற்றுள் எத்தனை நம் மாணவர்களின் கட்டுரையில் வந்திருக்கும், எத்தனையை நாம் சிவப்பு மையால் அடித்திருப்போம் என்று எண்ணியபோது உள்ளம் கனத்தது. பறவையின் பெயராவது எங்கோ ஒரு நூலில் அச்சேறியிருந்ததால் நம் தவறு நமக்குப் புலப்பட்டது. அச்சேறாத சொல்லை அடித்திருந்தால், அதனை அறிவதற்கு நமக்கு வழியே இல்லை.

ஊர்ப்புறக் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டென்பது நம் துணிபு. நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் நெசவாளர், தோல் பதனிடுவோர், உழவர், மீன்பிடிப்போர் வீட்டுப் பிள்ளைகள். பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அவர்கள் கொண்டுவரும் சொல் தாழ்ந்தது என்று முதலாமாண்டிலேயே கற்பித்துவிட்டு, மூன்றாமாண்டில் தொல்காப்பிய மரபியலை நடத்துகிறோம். பறவையின் இளமைக்குப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும், அணிலுக்கும் ஆட்டுக்கும் வேறு வேறாகவும் மக்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்து இலக்கணமாக்கியதன்றோ அம்மரபியல்! ஆய்வுப் பட்டத்துக்கு வரும் மாணவர்கள் ஒரே காப்பியத்தை மீண்டும் மீண்டும் உவமை, வருணனை என்று கூறுபோடுவதற்கு மாறாக, ஓர் ஏரியின் பெயர்களை, ஒரு தறிக்கூடத்தின் சொற்களைத் தொகுத்தளித்தால் போதும்; நெறியாளர்கள் அதனை ஆய்வென்று ஏற்கும் துணிவைப் பெறுதல் வேண்டும். இதில் நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். நாம் எழுதிய எம்.ஃபில். ஆய்வேட்டில் பறவைகள் ஓர் இயல் முழுவதும் பறந்தன. அவற்றுள் ஒன்றையேனும் நாம் நேரில் கண்டிருக்கவில்லை.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் பாட்டனார் பாட்டியாரிடம் அமர்ந்து, ஒரு நோட்டுப்புத்தகத்தில் தொழிற்சொற்களை எழுதிவர இசைவு தாருங்கள். படிப்பைக் கெடுக்கும் வேலை என்று தடுத்துவிடாதீர்கள்.

நம் துறையில் அத்தகைய நோட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். முதல் பதிவு 'விராலடிப்பான்'. சொன்னவரின் ஊர் சேவூர், தொழில் நெசவு என்று எழுதி வைத்துள்ளோம். அதனை எழுதிய அன்று மாலை, சென்னையில் பணிபுரியும் அம்மாணவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைக் கூறினோம். தவறு நம்முடையதே என்றும் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"அந்தப் பேப்பர் இன்னும் வீட்டுல இருக்கு சார்" என்றார். "தாத்தா கிட்ட அன்னைக்கே காட்டினேன். வாத்தியாரு அடிச்சா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டாரு."